இடப்பக்கம் படுத்தால் ஏழரை மாடி

மணி ஐந்தே முக்கால். பல்செட்டு அக்கா விழித்துவிட்டார், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. இடப்பக்கமாக ஒருக்களித்து, இடது உள்ளங்கையைக் கன்னத்துக்கு அணை கொடுத்து, ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, எந்த நிலையில் விழிப்பு வந்ததோ அதே நிலையில் அசையாமல் கிடக்கிறார். வலது கை மட்டும் போர்வையை விட்டு வெளியே வந்து தலையணையோரம் தடவுகிறது. கிளிப் போட்ட அட்டை, அதில் நூலில் கட்டித் தொங்கும் பென்சில். கண் மூடியபடியே எழுதத் தொடங்குகிறார். ஒரு வரி இன்னொரு வரியின் முதுகில் ஏறிக்கொள்ளும். சில சொற்கள் தாளைத் தாண்டிப் படுக்கை விரிப்புக்கே போய்விடும். போகட்டும். விரிப்பைத் துவைத்துக்கொள்ளலாம், போன கனவை எங்கே போய்த் தேடுவது?

அந்த இருபது நிமிஷமும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அழைப்பு மணி அணைக்கப்பட்டிருக்கும். மிக்சி, குக்கர், செருப்பு, தும்மல் எல்லாவற்றுக்கும் தடை. இதில் ரொம்பக் கஷ்டப்படுகிறவர் கணவர்தான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். "கிளட்சு, கிளட்சுன்னு சொன்னேன்... ஐயோ, அது பிரேக்கு!" என்று நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை. வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பி கேட்கக்கூடத் தெரியாத மனிதர், வேறு வழியில்லாமல் சாலைச் சைகைகளில் இறங்கிவிட்டார். வலக்கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டினால் மகள் அடுப்பைத் தணிக்க வேண்டும். கையை நேராகத் தூக்கினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் மகள் தோழிகளிடம், "எங்க வீட்ல காலையில ஊமை கண்ட கனவுதான். கண்டது அம்மா, ஊமை நாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா இதற்குச் சொல்லும் நியாயம் தொழிலிலிருந்து வந்தது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட்டு செய்துகொடுக்கும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறார். "வாயில மாவை வச்சு அச்சு எடுக்கறப்போ தாடையை அசைச்சா என்ன ஆகும்? கோணிப் போயிடும். அப்புறம் எத்தனை அழகா பல்லு கட்டினாலும் வாயில உக்காராது. கனவும் அதே கேஸுதான். இறுகற வரைக்கும் அசையக் கூடாது" என்பார்.

லேபில் அவர் புருவம் எப்போதும் பிளாஸ்டர் தூசியில் வெளுத்திருக்கும். இளஞ்சிவப்பு மெழுகுக் கட்டையில் ஒவ்வொரு பல்லாக நட்டு, சூடான கத்தியால் ஈறு வழித்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கடிக்க வைத்துப் பார்ப்பார். ஆளைப் பார்க்காமலே தாடையைப் பார்த்து ஜாதகம் கணித்துவிடுவார். "இந்த மனுஷன் தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறவரு. பகல்ல வீட்ல பேச விடமாட்டாங்க போலிருக்கு, பாவம்." ஒரு டாக்டர் போன் செய்து, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

யாராவது அவரிடம் கனவு சொன்னால் தீர்ந்தது. பாம்பு வந்ததா, பறந்தீர்களா, பரீட்சைக்குப் பேனா எடுத்துப் போக மறந்தீர்களா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். முதல் கேள்வி, "எந்தப் பக்கம் படுத்திருந்தீங்க?" என்பதுதான். லேப் முதலாளி, வங்கி காசாளர், லிப்டில் கூட வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். கனவு தலையில் இல்லை, படுத்த உடம்பின் மடிப்பில் இருக்கிறது என்பது அவர் கட்சி. மறந்துபோன கனவைப் பிடிக்க வேண்டுமென்றால் விழித்தபோது எப்படிக் கிடந்தோமோ அப்படியே போய்க் கிடக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, காலையில் நழுவிய கடைசிக் காட்சியை அப்படிப் பலமுறை மீட்டிருக்கிறார். பார்க்கிறவர்கள் தூங்குவதாக நினைப்பார்கள். "தூங்கலை. தேடறேன்" என்பார் கண்ணைத் திறக்காமலே.

காணும் கனவுகளைத்தான் கதையாக எழுதி இதழ்களுக்கு அனுப்புவார். அவருடைய நோட்டுகளின் அட்டையில் தேதி கிடையாது. 'வலம்', 'இடம்', 'மல்லாக்க', 'குப்புற' என்று நான்கே வகை. மல்லாக்கப் படுத்தால் வருவதெல்லாம் சண்டைக் கதை. குப்புறப் படுத்தால் சிரிப்புக் கதை. வலப்பக்கம் கொஞ்சம் அழுமூஞ்சி, அதனால் பண்டிகை இதழ்களுக்கு அனுப்புவதில்லை. கற்பனை செய்து எழுதுவதை அவர் கௌரவமாகவே நினைப்பதில்லை. "இல்லாததை எழுதறதுக்கு நான் என்ன பொய் சொல்றவளா? பார்த்ததை எழுதறேன்."

ஆரம்பத்தில் மாஸ்டர் கிண்டல் செய்யாமல் இல்லை. "கனவுல கண்ட பணம் செலவுக்கு ஆகுமா?" என்று பழமொழி சொன்னார். முதல் கதைக்கு ஒரு வார இதழ் கொடுத்த சன்மானத்தில் அக்கா சுவரில் மாட்டும் ஃபேன் ஒன்று வாங்கி வந்தார். அன்று முதல் பழமொழி வரும்போதெல்லாம், "அப்போ அந்தக் காத்துல உக்காராதீங்க" என்பார். அந்த வீட்டில் அதற்குமேல் அந்தப் பழமொழி செல்லுபடியாகவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பதாவது வயதில் முதல் தொடர்கதை வாய்த்தது. பெயர் 'ஏழரை மாடி'. வார இதழின் ஆசிரியர் பதறிப்போனார். "அம்மா, ஏழரைன்னா வாசகர்கள் பயந்து பக்கத்தைத் திருப்பிடுவாங்க. எட்டு மாடின்னு வச்சுக்கலாமா?"

"பொத்தான்ல ஏழரைன்னுதான் சார் போட்டிருந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் இருபது வருஷமாக லிப்ட் இயக்கும் ஒரு பெண். "எந்த மாடி? எந்த மாடி?" என்று கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவள். ஒருநாள் லிப்டில் புதிதாக ஒரு பொத்தான் முளைத்திருக்கிறது. அமுக்கினால், ஏழாவது மாடிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில் கதவு திறக்கிறது. மழை விட்ட பெரிய மைதானம், கொடிகளில் காயும் துணிகள், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இருபது வருஷமாக நின்றுகொண்டே இருந்தவள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அத்தனை அத்தியாயமும் ஒரே படுக்கை நிலையில், இடப்பக்கத்தில், வாரத்துக்கு ஒன்றாக அக்காவுக்கு வந்தன. பத்தொன்பதாவது அத்தியாயத்தின் முடிவில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது. அத்தோடு 'தொடரும்'.

வருவது யார்? கடிதங்கள் குவிந்தன. "அவளை வேலையை விட்டுத் தூக்க மேனேஜர்தான் வர்றான். அவனை லிப்டுல மாட்டிவிடுங்க" என்று ஒருவர். "ஓடிப்போன புருஷன் என்றால் தயவுசெய்து கதவைச் சாத்திவிடவும்" என்று ஓர் ஆசிரியை. லேப் முதலாளியே பல் பாலீஷ் போடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எனக்கு மட்டும் சொல்லும்மா. யாரு வர்றது?"

"எனக்கே தெரியாது சார். இன்னும் முகம் தெரியலை."

இருபதாவது அத்தியாயம்தான் கடைசி. அது வந்து சேர வேண்டிய நேரத்தில்தான் மாஸ்டர் ஒரு நல்ல காரியம் செய்தார்.

மனைவியின் தொடர் வெற்றி பெற்றதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. காரில் ஏறும் ஒவ்வொரு மாணவனிடமும் கியர் போடுவதற்கு முன்னால் 'ஏழரை மாடி' பற்றித்தான் பேச்சு. அக்கா எப்போதோ இடுப்பு வலி என்று முனகியது நினைவிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா லேபுக்குப் போன நேரம் பார்த்து, பத்தொன்பது வருஷத்துப் பஞ்சு மெத்தையைக் கிளப்பி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எலக்ட்ரீசியன் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதன் இடத்தில் புத்தம்புது ஸ்பிரிங் மெத்தை, மேலே சிவப்பு ரிப்பன். "எழுத்தாளரே, இனிமே நீங்க பள்ளத்துல படுக்கக் கூடாது. உயரத்துல படுக்கணும்!" என்று கதவருகே நின்று கைதட்டினார்.

அன்றிரவு அக்கா அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். மறுநாளும் அப்படியே. முதுகு குளுகுளுவென்று இருந்தது, இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. கனவும்தான். ஐந்தே முக்காலுக்கு விழித்து, அதே இடப்பக்கம், அதே கன்னத்துக் கை, அதே முழங்கால் என்று கிடந்து பார்த்தார். உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நான்காம் நாள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பஞ்சு மெத்தையில் பத்தொன்பது வருஷம் படுத்துப் படுத்து அவர் உடம்பு ஒரு பள்ளம் பறித்து வைத்திருந்தது. லிப்ட் வந்து நின்றதெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான்.

சொல்லவும் முடியவில்லை. ஆசை ஆசையாக வாங்கித் தந்தவரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மனசு கேட்கவில்லை. விரிப்புக்கு அடியில் துண்டுகளைச் சுருட்டி வைத்தார். ஒரு ஓரத்தில் பழைய வார இதழ்களை அடுக்கி மெத்தையைச் சாய்த்துப் பார்த்தார். காலையில் மாஸ்டர்தான் உருண்டு கீழே கிடந்தார். வெறுமனே உட்கார்ந்து இட்டுக்கட்டிப் பார்க்கலாமென்று, வருவது மேனேஜர் என்று அரைப்பக்கம் எழுதினார். படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டார். "வாயில உக்காரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, ஆசிரியரிடமிருந்து போன். "அம்மா, திங்கள் காலை அச்சுக்குப் போகுது. வரலைன்னா ஒண்ணும் கவலைப்படாதீங்க, நானே ஒரு கல்யாணத்தை வச்சு முடிச்சிடறேன்." இருபது வருஷம் நின்று, இப்போதுதான் உட்கார்ந்தவள். அவளை எழுப்பி மணவறையில் நிறுத்துவதா? அன்று லேபில் அக்கா ஒரு செட்டில் இடது கோரைப்பல்லை வலப்பக்கம் நட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நடக்காத பிசகு. முதலாளி தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யம்மா, இதைப் போட்டுக்கிட்டு அந்த மனுஷன் சிரிச்சா வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க. போ, போய் ரெஸ்ட் எடு" என்றார்.

வீட்டுக்கு வந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே மகளுக்கு விளங்கிவிட்டது. அவள்தான் அப்பாவிடம் போட்டு உடைத்தாள். "அப்பா, நீங்க மெத்தையைக் குடுக்கலை. அம்மாவோட கதையைத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

அன்று மதியம் காரில் ஒரு மாணவி கிளட்சுக்குப் பதில் பிரேக்கை மிதித்தபோதுகூட மாஸ்டர் கத்தாமல் இருந்ததைக் கண்டு, "சார், உடம்பு சரியில்லையா?" என்று அவள் பயந்துவிட்டாள். மாலையில் மாஸ்டர் வந்து அக்காவின் எதிரே உட்கார்ந்தார். "குடுத்ததை எப்படித் திருப்பிக் கேக்கறதுன்னு தெரியலை. ஆனா கேட்டுடறேன். என் மானம் போனாப் போகுது."

"திருப்பியெல்லாம் கேக்க வேணாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? ஒரு மணி நேரம் படுத்துட்டு வந்துடறேனே" என்றார் அக்கா, முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர் மாதிரி.

மதியம் இரண்டு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனார்கள். எலக்ட்ரீசியனின் வீடு இரண்டாவது மாடியில் இரண்டு அறை. மூலைக்கு மூலை ஒயர்ச்சுருள், சுவிட்ச் பெட்டி. மேலே ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஊருக்கெல்லாம் சரி பண்றேன் சார், இதுக்குத்தான் நேரம் இல்லை" என்று நெளிந்தார். வந்த காரியத்தை மாஸ்டர் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்தபோது எலக்ட்ரீசியனும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பார்கள் என்று அக்கா எதிர்பார்த்தார். அவர்கள் சிரிக்கவில்லை.

"வாங்க அக்கா, நீங்களே பாருங்க" என்று மனைவி உள் அறைக் கதவை விரலால் தள்ளினாள்.

தரையில் விரித்த பஞ்சு மெத்தையில், அக்காவின் பள்ளத்தில், மூன்று மாதக் குழந்தை ஒன்று அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திக் கிடந்தது. "எங்க போட்டாலும் பத்தே நிமிஷம், சைரன் மாதிரி கத்துவான் அக்கா. இந்தப் பள்ளத்துல போட்டாத்தான் தூங்கறான். இந்த மெத்தை வந்தப்புறம்தான் நானும் கண்ணை மூடறேன். ஆனா பரவாயில்ல, நீங்க படுத்துக்குங்க" என்று கிசுகிசுத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இன்னும் கறுப்பு மாறவில்லை.

அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, தொடாதே! தூங்கற பிள்ளையை எழுப்பிட்டு எனக்கு என்ன கதை வேண்டிக்கிடக்கு?"

நாளைக் காலை அச்சு. பள்ளம் இரண்டடி தூரத்தில் இருக்கிறது, படுக்க முடியாது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை வலப்பக்கமும் படுக்கவில்லை, இடப்பக்கமும் படுக்கவில்லை. மல்லாந்து, இரண்டு கைகளையும் காதோரம் தூக்கிப் போட்டு, விரல்களை மூடி, முழங்கால்களைத் தவளை மாதிரி அகற்றி, உலகத்திடம் சரணடைந்துவிட்டது போலக் கிடந்தது. உதடு ஒருமுறை குவிந்து, எதையோ பார்த்துச் சிரித்தது. அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏங்க, மல்லாக்கதான், ஆனா இப்படிக் கையைத் தூக்கிப் போட்ட மல்லாக்க நம்ம நோட்டுலயே இல்லையே!" என்றார்.

குழந்தைக்கு அடுத்து மெத்தையில் பாதி இடம் காலியாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக மாஸ்டர் படுத்த பாதி. அக்கா கையோடு கொண்டுவந்த அட்டையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அதில் மல்லாந்தார். இரண்டு கைகளையும் காதோரம் தூக்கினார். விரல்களை மூடினார். ஐம்பது வயசு முழங்கால்கள் கொஞ்சம் முறுமுறுத்தாலும் புடவைக்குள் அகன்று படிந்தன. ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் மூச்சுக்கும் குழந்தையின் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வெளி அறையில் மாஸ்டர் கையை நேராகத் தூக்கினார். எலக்ட்ரீசியன் நின்ற இடத்தில் நின்றார். மாஸ்டர் கையை ஆட்டினார். எலக்ட்ரீசியன் ஓடி ஃபேனின் வேகத்தைக் குறைத்தார். ஒரு சைகையும் பிசகவில்லை, இவனுக்கு லைசென்ஸ் நிச்சயம் என்று மாஸ்டர் மனசுக்குள் முடிவு கட்டினார். எலக்ட்ரீசியனின் மனைவி சுவரோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். முக்கால் மணி நேரம் போயிற்று.

அக்காவின் வலது கை அசைந்தது. காதோரத்திலிருந்து இறங்கி வயிற்றின் மேல் தடவி, பென்சிலைப் பிடித்தது. கண் திறக்கவில்லை. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூனை நடையில் போய், கழுத்தை வளைத்து, தலைகீழாகத் தெரிந்த கோணல் வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'வந்தது ஒரு ஆள் இல்லை. ஏழு மாடி ஜனமும் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக அவள் ஏற்றி இறக்கியவர்கள் எல்லாரும், லிப்ட் இருக்கும்போதே, மூச்சு வாங்க நடந்து, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு...' மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியதா, சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் குழந்தை வீலென்று கத்தியது. சைரன் என்று சொன்னது பொய்யில்லை. சுவரோரம் தூங்கியவள் அலறி எழுந்தாள். எலக்ட்ரீசியன் தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று மாஸ்டர் குழந்தையை வாரி எடுக்கப் பாய்ந்தார்.

அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. காதோரம் கிடந்த இடது கை மட்டும் இறங்கி, பக்கத்தில் துழாவி, அந்தப் பிஞ்சு வயிற்றைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. வலது கை எழுதிக்கொண்டே இருந்தது.